எட்டு அந்துப்பூச்சிகள்

பருத்திக் காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை எந்த மருந்தும் தொடாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த பிறகு அதிக நேரம் வெளியில் திரிவதில்லை. பூவையோ இளங்காயையோ துளைத்து உள்ளே போய்விடும். போன துளையும் காய் வளர வளர மூடிக்கொள்ளும். வரப்பில் நின்று பார்ப்பவருக்குக் காய் பச்சையாக, திரட்சியாகத்தான் தெரியும். உள்ளே விதை தின்னப்பட்டு, பஞ்சு கறை பிடித்துக்கொண்டிருக்கும். காய் ஒழுங்காக வெடிக்காமல் பாதியில் நிற்கும்போதுதான் விவசாயிக்குச் சேதி தெரிகிறது. அதற்கு மேல் தெளிக்கிற மருந்தெல்லாம் இலைக்கும் மண்ணுக்கும் தெளிக்கிறவரின் நுரையீரலுக்கும்தான் போகிறது.

இந்தப் புழுவுக்கு விதையிலேயே வழி கண்டுவிட்டதாக ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. 2002-ல் இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2006-ல் இரண்டு நச்சுப்புரத மரபணுக்கள் கொண்ட விதை வந்தது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்காக மருந்தடிப்பது கணிசமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளிலேயே குஜராத் வயல்களில் முதல் மரபணுவுக்கு மசியாத புழுக்கள் தென்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவதும் பலிக்கவில்லை. தெளிப்பான்கள் மறுபடி தோளில் ஏறின.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் நடந்ததை நாடே கேட்டது. அந்த ஆண்டு பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன. காய்ப்புழுவுக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் கலந்து, முகக்கவசமோ கையுறையோ இல்லாமல், தலைக்கு மேலே பீய்ச்சினார்கள். மழைக்கால இறுதியின் புழுக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் கூலிக்கு மருந்தடிக்கப் போனவர்கள்.

அவர்கள் தெளித்ததில் எத்தனை தெளிப்பு உண்மையிலேயே தேவைப்பட்டது? வேளாண் துறையில் டிஜிட்டல் என்ற பெயரில் வந்து குவியும் கருவிகளை எடைபோட இந்தக் கேள்வியே போதும். வானில் பறப்பது, தானாக ஓடுவது, திரையில் வண்ண வண்ணமாகக் காட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. அது ஓர் எண்: எட்டு.

பெண் அந்துப்பூச்சி ஆணை அழைப்பதற்குக் காற்றில் ஒரு வாசனையை விடுகிறது. அதன் வேதியியல் அமைப்பை விஞ்ஞானிகள் 1973-ல் கண்டறிந்தார்கள். இப்போது அதை ஆலையில் தயாரித்து, சிறிய ரப்பர் குப்பியில் ஏற்றி, புனல் வடிவ இனக்கவர்ச்சிப் பொறியில் தொங்கவிடுகிறார்கள். வாசனையை நம்பி வரும் ஆண்கள் கீழேயுள்ள பையில் விழுகின்றன. ஒரு பொறியில் நாளொன்றுக்கு எட்டு அந்துப்பூச்சிகள் வீதம், தொடர்ந்து மூன்று நாட்கள் விழுந்தால் மருந்தடிக்கும் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஆறு விழுந்தால், ஏழு விழுந்தால் காத்திருக்கலாம். ஆண்கள் திரளும் நேரமே முட்டையிடும் நேரம். இளம்புழு காய்க்குள் நுழைவதற்கு முன் கிடைக்கும் அந்தக் குறுகிய இடைவெளியைப் பொறி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்த வேலை வயலில் எளிதல்ல. பையில் விழுந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். செதில் உதிர்ந்து, இறக்கை முறிந்து, வழிதவறி வந்த வேறு பூச்சிகளோடு கலந்திருக்கும். சாம்பல் பழுப்பில் விரல்நகத்தை விடச் சிறிய இந்தப் பூச்சியை மற்றதிலிருந்து பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். எண்ணியதை எழுதி வைக்க வேண்டும். மூன்று நாள் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து வயல்காரர் காலையிலேயே தெளிப்பானோடு கிளம்புவதைப் பார்த்துவிட்டு, பூச்சியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

மும்பையைச் சேர்ந்த வாத்வானி ஏஐ என்ற இலாப நோக்கற்ற அமைப்பு கையில் எடுத்தது இந்தச் சிறிய, சுவாரசியமற்ற வேலையைத்தான். 2019-ல் கூகுளின் அறப்பணிப் பிரிவு உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்து நிதி வழங்கிய 20 செயற்கை நுண்ணறிவுத் திட்டங்களில் இதுவும் ஒன்று. பொறியில் விழுந்ததை வெள்ளைத் தாளில் கொட்டிச் செல்பேசியில் ஒரு படம் எடுத்தால், செயலி அதில் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளை அடையாளம் கண்டு எண்ணித் தருகிறது. எண்ணிக்கையைப் பொறுத்து, தெளிக்கலாமா பொறுக்கலாமா என்று சொல்கிறது. அலைவரிசை சரியாகக் கிடைக்காத ஊர்களில் ஓட வேண்டுமென்பதால், கணினி மாதிரியைச் சுருக்கிச் சாதாரண செல்பேசிக்குள்ளேயே அடக்கினார்கள். பொறிக்குச் சம்பந்தமே இல்லாத படங்களும் வந்து சேரும் என்பதால் அவற்றை இனம்கண்டு ஒதுக்கவும் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூச்சியை எண்ணுவதைவிட இந்த வேலை நடைமுறையில் முக்கியமானதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். செல்பேசி கையில் இருந்தால் மனிதர்கள் எதைத்தான் படமெடுக்க மாட்டார்கள்!

இதில் புதிது கண் மட்டுமே. எண்ணிப் பார்த்துத் தெளிக்கும் கொள்கைக்கு வயது அறுபதுக்கு மேல். கலிபோர்னியாவில் குதிரைமசால் வயல்களை ஒரு புதிய அசுவினி சூறையாடியபோது, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் நால்வர் 1959-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூச்சி இருப்பதாலேயே மருந்தடிக்க வேண்டியதில்லை. அது விளைவிக்கும் நட்டம் மருந்துச் செலவைத் தாண்டப்போகும் கட்டத்தில் அடித்தால் போதும். அந்தக் கட்டத்தை எண்ணிக்கையாகவே குறித்துவிடலாம் என்றார்கள். நம்முடைய வேளாண் கையேடுகளில் பொருளாதாரச் சேத நிலை என்று வரும் அட்டவணைகளுக்கெல்லாம் மூலம் அதுதான். பூச்சிக்கொல்லிகளின் கேட்டைச் சொன்ன ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற நூல் வெளிவர அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

கொள்கை நல்லது, ஆனால் அதை நாடு தழுவிய அளவில் நம்ப வைத்தது ஒரு பேரழிவு. நெல் விவசாயிகள் புகையான் என்றழைக்கும் பழுப்புத் தத்துப்பூச்சி 1970-களிலும் 80-களிலும் இந்தோனேசிய வயல்களைத் தீய்த்தது. அரசு பெரும் மானியம் கொடுத்து மருந்தை வழங்கியது. அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. காரணத்தைப் பிலிப்பைன்சிலிருந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வயலில் இறங்கி எண்ணியே கண்டுபிடித்தார். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் சதைக்குள் செருகிவிடுகிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் வெளியில் இருக்கின்றன; அவை செத்துவிடுகின்றன. சில நாட்களில் முட்டை பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் கிடைக்கிறது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து ஆணையிட்டார். மூன்று ஆண்டுகளுக்குள் மானியமும் நின்றது. விவசாயிகள் வாராவாரம் வயலில் கூடிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணப் பழகும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. நெல் விளைச்சல் சரியவில்லை.

வியட்நாமில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தின்ற வெள்ளைக் கீற்றுகள் கண்ணை உறுத்தும். அதைப் பார்த்ததும் கை மருந்துக்கடையை நோக்கி நீளும். ஆனால் நட்ட முதல் சில வாரங்களில் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது, விளைச்சல் குறைவதில்லை. முதல் 40 நாட்களுக்குள் மருந்தடிக்க வேண்டாம் என்ற ஒற்றைச் செய்தியை ஹியோங் என்ற பூச்சியியலாளரும் சகாக்களும் 1990-களில் மீகாங் வடிநிலத்தில் வானொலி வழியாகப் பரப்பினார்கள். சிறு சிறு நகைச்சுவை நாடகங்களாகப் போட்டார்கள். லாங் ஆன் மாகாணத்தில் பூச்சிமருந்துத் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு கருவியும் விற்கப்படவில்லை.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய இயந்திரங்களைப் பார்த்தால் மயக்கம் சற்றுக் குறையும். வியக்க வேண்டியதை வியக்கத்தான் வேண்டும். கலிபோர்னியாவில் 2011-ல் ஹோர்கே எராவ்த், லீ ரெடன் என்ற இரு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தொடங்கிய புளூ ரிவர் நிறுவனம் முதலில் லெட்டூஸ் கீரை வயலில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைக்கும் இயந்திரம் செய்தது. 2017-ல் ஜான் டியர் நிறுவனம் அதை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் பார்த்துத் தெளிக்கும் தெளிப்பான். 120 அடி அகலத்துக்கு விரியும் அதன் கையில் 36 கேமராக்கள். மணிக்கு 24 கிலோமீட்டர் வரை வேகம்; அதாவது நொடிக்கு ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. படம் பிடித்து, இது பயிர் இது களை என்று தீர்மானித்து, அந்தக் களைக்கு நேரே வரும் குழலை மட்டும் திறந்து மூட அதற்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஒரு சிறு பங்குதான்.

மண்ணில் பச்சையைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை எதிரொளிக்கும். மண் அப்படிச் செய்யாது. இந்த வேறுபாட்டை உணரும் தெளிப்பான்கள் ஆஸ்திரேலியாவின் தரிசு வயல்களில் நெடுங்காலமாக ஓடுகின்றன. பச்சைக்குள் பச்சையைப் பிரிப்பதுதான் கடினம். சோயா நாற்றுக்கு இடையில் நிற்கும் களையைப் பிரித்தறிய ஒளி போதாது; இலையின் வடிவம், நரம்பு, கிளைக்கும் விதம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மனிதர்கள் பார்த்துக் குறியிட்ட எண்ணற்ற வயல் படங்களைக் கொடுத்து, நரம்பிழைக் கணினி மாதிரிகளுக்கு இதைப் பழக்குகிறார்கள்.

அந்தப் படங்களில் இடம்பெறும் களைகளில் ஒன்று நமக்கு ஒரு வகையில் உறவு. அமெரிக்காவின் பருத்தி, சோயா விவசாயிகளைக் கதறவைக்கும் பால்மர் அமரந்த் நம் முளைக்கீரை, தண்டுக்கீரையின் குடும்பம். கிளைஃபோசேட் களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் வயல் முழுக்க ஒரே சீராக அடித்துவந்ததில், அதற்குச் சாகாத செடிகள் 2000-களின் நடுவில் ஜார்ஜியா மாநிலத்தில் உறுதிப்படுத்தப்பட்டன. இன்று ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்துத் தெளிக்க வேண்டியிருக்கிறது. செலவு ஏறுகிறது. எனவே களை நிற்கும் இடத்தில் மட்டும் தெளிப்பது அங்கே சுற்றுச்சூழல் அக்கறைக்கு முன்பே பணப்பைக் கணக்காக இருக்கிறது. 2024 பருவத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் இந்தத் தெளிப்பான்கள் ஓடியதாகவும், சராசரியாக 59 விழுக்காடு களைக்கொல்லி மிச்சமானதாகவும், அது ஏறத்தாழ 3 கோடி லிட்டர் கரைசல் என்றும் ஜான் டியர் கணக்குச் சொல்கிறது. விற்பவர் சொல்லும் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வயல் முழுக்க நனைப்பதற்கும் களையை மட்டும் நனைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் இது களைக்கொல்லியில் மட்டும். களை ஓடாது, ஒளியாது, இலைக்கு அடியில் முட்டையிடாது. பூச்சியைக் கேமராவால் மேலிருந்து பார்த்துக் குறிவைத்து அடிக்க இந்தக் கருவிகளால் இன்னும் முடியாது. 120 அடிக் கையை விரிக்க இந்தியாவில் எத்தனை வயல்களில் இடமிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2015-16 கணக்கெடுப்பின்படி இங்கே சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் அதுவும் இல்லை, 0.75.

அதனால் இந்தியாவில் டிஜிட்டல் என்றதும் அரசியல் மேடையிலும் தொலைக்காட்சியிலும் பறப்பது ட்ரோன். வானிலிருந்து ஆளில்லாமல் மருந்தடிப்பது புதிதல்ல. யமஹா நிறுவனம் 1987-லேயே ஜப்பானிய நெல் வயல்களுக்காக ஆளில்லா ஹெலிகாப்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிராமங்களில் முதியவர்கள் மட்டும் மிஞ்சிய ஒரு நாட்டுக்கு அது தேவையாக இருந்தது. இங்கே மத்திய அரசு 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாயில் அறிவித்த திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவது.

ட்ரோன் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூறு, இருநூறு லிட்டர் கலக்கும் இடத்தில் ட்ரோனுக்கு 10 லிட்டர் அளவில் போதும். நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. நஞ்சை? பெரும்பாலும் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவு மருந்து என்ற அளவு மாறுவதில்லை; அதே மருந்து குறைந்த தண்ணீரில், பல மடங்கு செறிவாக, நுண்துளிகளாகப் போகிறது. காற்று சற்று வீசினால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த எண்டோசல்ஃபான் கீழேயிருந்த ஊர்களுக்கு என்ன செய்தது என்பது தெரிந்த பிறகு, வானிலிருந்து மருந்தடிப்பதை வளர்ச்சியின் படமாக மட்டும் காட்டுவது சரியல்ல. ஆனால் ட்ரோனுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யவத்மாலில் செத்தவர்களின் தோளில் இருந்தது தெளிப்பான். அதை மனித உடலிலிருந்து தள்ளி வைப்பது சின்ன விஷயமல்ல. மருந்தின் அளவும் குறைய வேண்டுமானால், ட்ரோன் பறப்பதற்கு முன்னால் யாராவது வயலைப் பார்த்து, எந்த மூலையில் அடிக்க வேண்டும், எங்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

தெலங்கானாவின் கம்மம் மாவட்டம் இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு நிதானமான உரைகல். மிளகாய் அங்கே பணப்பயிர். மருந்து குடிக்கும் பயிரும்கூட. தென்கிழக்காசியாவிலிருந்து வந்த கறுப்பு இலைப்பேன் 2021-ல் தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் மிளகாய்ப் பூக்களில் குடியேறியது. பூ உதிர்ந்தது. விவசாயிகள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அடித்தார்கள். பலவகைப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்துகள் இலைப்பேனின் எதிரிகளையும் ஒழித்து நிலைமையை மோசமாக்கும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து 2022-ல் தெலங்கானா அரசு, உலகப் பொருளாதார மன்றம், டிஜிட்டல் கிரீன் அமைப்பு ஆகியவை சேர்ந்து 7,000 மிளகாய் விவசாயிகளோடு சாகு பாகு என்ற திட்டத்தைத் தொடங்கின. வாட்ஸ்அப்பில் தெலுங்கில் பயிரின் பருவத்துக்கேற்ற ஆலோசனை, விரைவு மண் பரிசோதனை, மிளகாயின் தரத்தைப் படத்தைக் கொண்டு கணிக்கும் கருவி, வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் தளம் என்று நாலைந்து எளிய உருப்படிகள்.

திட்டத்தார் தந்த முடிவு: ஏக்கருக்கு விளைச்சல் 21 விழுக்காடு கூடியது, விலை 8 விழுக்காடு கூடியது, உரம் 5 விழுக்காடு குறைந்தது, பூச்சிமருந்து 9 விழுக்காடு குறைந்தது. ஜான் டியரின் 59-க்கு முன்னால் இந்த 9 பரிதாபமாகத் தெரியலாம். ஆனால் 59 என்பது ஓர் இயந்திரம் குழாயைத் திறந்து மூடியதன் விளைவு. இந்த 9, புதிய பூச்சி ஒன்றைக் கண்டு மிரண்டு போயிருந்த மனிதர்கள் தங்கள் கையைக் கொஞ்சம் அடக்கியதன் விளைவு. எது கடினம் என்பது வயலில் நின்றவர்களுக்குத் தெரியும். நல்ல விலை கிடைத்ததும் இதில் ஒரு பங்கு வகித்திருக்க வேண்டும். மருந்தெச்சம் இல்லாத மிளகாய்க்கு ஏற்றுமதியாளர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தால், ஒரு தெளிப்பை விடுவதற்கு விவசாயிக்கு வேறு உபதேசம் தேவையில்லை.

படமெடுத்து நோயைச் சொல்லும் செயலிகள் இந்தப் பத்தாண்டில் காளான்போல முளைத்திருக்கின்றன. அவற்றின் திறனைப் பேசும்போது அடிக்கடி காட்டப்படும் ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹியூஸ் தொடங்கிய பிளான்ட்வில்லேஜ் தொகுப்பிலிருந்து, 14 பயிர்கள், 26 நோய்கள் அடங்கிய 54,306 இலைப்படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டிச் சோதித்தபோது 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. செய்தித்தாள்களுக்கு இந்த எண் போதுமானதாக இருந்தது. ஆனால் வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது 31 விழுக்காட்டுக்கு விழுந்தது என்பதையும் அதே கட்டுரையில் ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள். பழக்கியவை எல்லாம் ஒரு தனி இலையைப் பறித்து, சீரான பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலிலோ இலைமேல் இலை கிடக்கும், நிழல் விழும், மண் ஒட்டியிருக்கும், கை நடுங்கும். சத்துக்குறைவின் மஞ்சளும் நச்சுயிரியின் மஞ்சளும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். தவறான நோய்ப்பெயர் தவறான மருந்தைக் கொண்டுவரும். அப்போது செயலியே தெளிப்பைக் கூட்டுகிறது.

பொறியில் விழுந்ததை எண்ணும் செயலிகள் இந்தத் தொல்லையிலிருந்து ஓரளவு தப்புகின்றன. பின்னணி வெள்ளைத் தாள், தேட வேண்டியது ஒன்றிரண்டு வகைப் பூச்சிகள், கேள்வி ஒரே ஓர் எண். ஆனால் அவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது கணினிக்கு வெளியே இருக்கிறது. ரப்பர் குப்பியிலுள்ள வாசனை சில வாரங்களில் தீர்ந்துவிடும். மாற்றாவிட்டால் பொறி காலியாகவே தொங்கும்; செயலி பூஜ்யம் என்று மிகச் சரியாக எண்ணும்; காய்க்குள் புழு சாவகாசமாகத் தின்னும். புதிய குப்பி உள்ளூர்க் கடையில் கிடைக்கிறதா என்பதில் மொத்தத் தொழில்நுட்பமும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடையிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலையைக் கிள்ளிக்கொண்டுபோய்க் காட்டினால் உடனே பதில் சொல்லும் ஒரே நிபுணர், பெரும்பாலான ஊர்களில், மருந்து விற்பவர்தான். அவர் கடனுக்கும் கொடுப்பார். ஒன்று கேட்டால் இரண்டு கொடுப்பார். விற்பனையாளர்களுக்கு ஓராண்டு வேளாண் பட்டயப் படிப்பை ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் மேனேஜ் நிறுவனம் 2003 முதல் நடத்திவருகிறது. நல்ல முயற்சி. ஆனால் எவ்வளவு படித்தாலும், இன்றைக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினால் அவருக்குக் கல்லாவில் விழுவது ஒன்றுமில்லை. இலவசச் செயலிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆலோசனை இலவசமாகவும், ஆலோசனைக்கு அடியில் வாங்கும் பொத்தானும் இருக்குமானால், அந்தச் செயலி எத்தனை முறை பொறுத்திருக்கச் சொல்லும்?

இதனால்தான் அரசு நடத்தும் கண்காணிப்புக்கு மதிப்பு. 2008-ல் விதர்பாவில் சோயாவை வெட்டுப்புழு மொட்டையடித்த பிறகு, மகாராஷ்டிர அரசு 2009-ல் கிராப்சாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற ஆட்கள் குறிப்பிட்ட வயல்களுக்கு வாராவாரம் போய்ப் பூச்சியை எண்ணி இணையத்தில் ஏற்ற, சேத நிலையைத் தாண்டிய பகுதிகளுக்கு மட்டும் குறுஞ்செய்தி எச்சரிக்கை போனது. செயற்கை நுண்ணறிவு இல்லாத காலம். ஆட்களின் கண்ணும் ஒரு தரவுத்தளமும்தான் முதல். மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு இதையே விரித்து, 61 பயிர்களையும் 400-க்கு மேற்பட்ட பூச்சிகளையும் செல்பேசிப் படத்தின் வழியே அடையாளம் காண முயல்கிறது. கிராப்சாப்பின் அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், இதன் வெற்றி படத்தை ஏற்றும் ஆட்கள் மாதாமாதம் சம்பளம் பெறுகிறார்களா என்பதைப் பொறுத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிஞ்சும்: பயம். செயலி பொறு என்கிறது, அதிகாரியும் பொறு என்கிறார். விளைச்சல் போய்விட்டால் கடனைக் கட்டுவது யார்? தேவையில்லாத தெளிப்புகளில் பெரும்பகுதி அறியாமையால் அல்ல, இந்தக் கேள்வியால் நடப்பது. விவசாயியைப் பொறுத்தவரை மருந்து ஒருவகைக் காப்பீட்டுத் தவணை.

வட இத்தாலியின் வெனத்தோ பகுதி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே மக்காச்சோள விதைப்பின்போது, மண்ணுக்குள் வேரைக் கடிக்கும் கம்பிப்புழுவுக்கு அஞ்சி வயல் முழுக்க மண்ணில் பூச்சிக்கொல்லி இடுவது வழக்கம். லொரென்சோ ஃபுர்லான் என்ற ஆய்வாளர் 1986-லிருந்து ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள் வயல்களைக் கணக்கெடுத்து, உண்மையிலேயே ஆபத்துள்ளவை மிகச் சிறு பகுதியே என்று காட்டினார். பொறிகளைக் கொண்டும் வயலின் வரலாற்றைக் கொண்டும் அவை எவை என்பதையும் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. ஆனாலும் தன் வயல் அந்தச் சிறு பகுதிக்குள் வந்துவிட்டால் என்ற பயம் போகவில்லை. எனவே விவசாயிகள் சேர்ந்து ஒரு பொதுநிதியை ஏற்படுத்தினார்கள். ஹெக்டேருக்குச் சில யூரோ செலுத்த வேண்டும். மண்ணில் இடும் மருந்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம். சேர்ந்தவர் பூச்சி நிலவரம் சொல்லும் அறிக்கைகளைப் பின்பற்றி நடக்க வேண்டும். அறிக்கை வேண்டாமென்றதால் மருந்திடாமல் விட்டு, அதன் பிறகு பயிர் சேதமானால், நிதியிலிருந்து இழப்பீடு வந்துவிடும்.